மூட்டைக்கு முன்னால் ஓடும் சீட்டு

குமரி எல்லையில் லாரிகள் காத்துக் கிடந்த காலம் போன கதை

லாரி ஓடினால் லாபம். நின்றால் நஷ்டம்.

இது லாரிக்காரருக்குத் தெரியும். சரக்கு அனுப்பும் வியாபாரிக்கும் தெரியும். கடையில் சாமான் வாங்கும் குடும்பத்துக்குத்தான் தெரியாது. ஆனால், நிற்கும் லாரியின் செலவு கடைசியில் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது!

குமரி மாவட்டத்தில் இருந்து கேரளத்துக்குப் போகும் லாரிகள் ஒரு காலத்தில் வரிசை கட்டி நின்றன. மணிக்கணக்கில் நின்றன.

எதற்காக?

காகிதத்தில் ஒரு முத்திரை விழுவதற்காக!

2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அந்த நிலைமை மாறத் தொடங்கியது. காகிதமும் முத்திரையும் செய்த வேலையை இன்று 12 இலக்கம் கொண்ட ஓர் எண் செய்கிறது. லாரி புறப்படும் முன்பே அந்த எண் பிறந்து விடுகிறது. லாரி எல்லைக்குப் போய்ச் சேரும் முன்பே, சரக்கைப் பற்றிய விவரம் அதிகாரியின் கைக்கு எட்டி விடுகிறது.

இது எப்படி நடந்தது? இதனால் யாருக்கு லாபம்? இதில் என்ன ஆபத்து? இதோ விவரம்:

இரண்டு வாசல்கள்

குமரி மாவட்டத்துக்குத் தரை வழியாக இரண்டு பெரிய வாசல்கள் உண்டு.

கிழக்கே ஆரல்வாய்மொழி. மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய். எப்போதும் காற்று வீசும் இடம். திருநெல்வேலிச் சீமையில் இருந்து வரும் சரக்கு இந்த வழியாகத்தான் நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும்.

மேற்கே களியக்காவிளை. இதைத் தாண்டினால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றங்கரை, அப்புறம் திருவனந்தபுரம்.

அந்தக் காலத்தில் நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. அப்போது எல்லைக் கதவு ஆரல்வாய்மொழியில் இருந்தது. அதற்குக் கிழக்கே வெள்ளைக்காரன் சீமை. மேற்கே மகாராஜா சீமை. இரண்டுக்கும் நடுவே சரக்குப் போனால் சுங்கம் கட்ட வேண்டும்.

இதனால் வியாபாரம் வளரவில்லை. ஆகவே 1865-ம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. அப்போது திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர் டி.மாதவராவ். பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைச் சுங்கம் நீங்கியது. உப்பு, புகையிலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி விதி இருந்தது.

சரக்கை வாசலில் நிறுத்தினால் நாட்டுக்கு நஷ்டம் என்பது 150 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மை!

வாசல் இடம் மாறியது

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் உதயமாயிற்று.

அன்றோடு எல்லையும் இடம் மாறியது. கிழக்கே இருந்த கதவு மேற்கே போயிற்று. ஆரல்வாய்மொழி, மாநிலத்தின் உட்பகுதி ஆனது. களியக்காவிளை எல்லை ஆனது.

மக்கள் விரும்பிய இணைப்பு அது. ஆனால், வியாபாரிக்கு ஒரு புதிய தொல்லையும் கூடவே வந்தது. அதுவரை திருவனந்தபுரம் அவருக்கு உள்ளூர்ச் சந்தை. இப்போது வெளி மாநிலம்!

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோ மீட்டர்தான். சென்னையோ ஏறக்குறைய 700 கிலோ மீட்டர். பக்கத்தில் இருக்கும் பெரிய சந்தை எது என்று சொல்ல வேண்டியது இல்லை. தென்னையும் வாழையும் ரப்பரும் பூவும் மீனும் விளையும் மாவட்டம் இது. அதன் சந்தைக்கு நடுவே ஒரு கோடு விழுந்து விட்டது.

சாவடி எதற்கு?

கோடு விழுந்தால் என்ன? தாண்டிப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம்.

அங்கேதான் வரி வருகிறது.

சென்னை மாகாணத்தில் விற்பனை வரி 1939-ம் ஆண்டில் வந்தது. அப்போது முதல்-மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. பின்னர் ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் விற்கும் சரக்குக்குத் தனித்தனியாக வரி போட்டது. ஒரு மாநிலத்தில் ஒரு விகிதம். அடுத்த மாநிலத்தில் வேறு விகிதம்.

ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால்? அதற்காக மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதுவும் அதே 1956-ம் ஆண்டில்தான்.

இப்போது ஒரு வியாபாரி கேரளத்தில் இருந்து சரக்கு வாங்கி, கணக்கில் எழுதாமல் தமிழ்நாட்டில் விற்றால், தமிழ்நாட்டுக்கு வரி நஷ்டம். தமிழ்நாட்டுச் சரக்கை அங்கே ரகசியமாக விற்றால், கேரளத்துக்கு நஷ்டம். இதைத் தடுக்க வழி என்ன? எல்லையில் ஆள் போட்டு, ஒவ்வொரு லாரியையும் பார்ப்பதுதான்.

அப்படி வந்தவைதான் வணிக வரிச் சோதனைச் சாவடிகள். திருவனந்தபுரம் சாலையில் அமரவிளையில் கேரள வணிக வரித் துறையின் சாவடி இருந்தது.

டிரைவர் இறங்க வேண்டும். பில்லைக் காட்ட வேண்டும். உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதிகாரி அதைப் பார்த்துப் பதிவு செய்து முத்திரை போட வேண்டும். ஒரு லாரிக்குச் சில நிமிஷம் என்றாலும், முன்னால் நிற்கும் லாரிகளின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டும்!

காகிதம் அதோடு முடியவில்லை. வெளி மாநில வியாபாரிக்குக் குறைந்த வரியில் விற்க, அவரிடம் இருந்து ‘சி’ படிவம் வாங்க வேண்டும். அவர் அதைத் தன் ஊர் வரி அலுவலகத்தில் பெற வேண்டும். பிறகு தபாலில் அனுப்ப வேண்டும். படிவம் வராவிட்டால், விற்றவர் முழு வரியையும் கட்ட வேண்டும். கடைசியாக இருந்த சலுகை விகிதம் 2 சதவீதம். இந்த ஒரு காகிதத்துக்காக வியாபாரிகள் மாதக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். ஆள் அனுப்பினார்கள்.

காத்திருப்பின் விலை

சில மணி நேரம் நிற்பதால் என்ன பெரிய நஷ்டம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது உதாரணக் கணக்குதான்.

ஒரு லாரிக்கு ஒரு நாளைக்குத் தவணைப் பணம் ரூ.2,000 என்று வைத்துக் கொள்ளுங்கள். டிரைவரின் சம்பளமும் சாப்பாடும் ரூ.1,200. இன்சூரன்சு, பெர்மிட் வகையில் ரூ.400. ஆக மொத்தம் ரூ.3,600. லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

மாதத்துக்கு 12 தடவை எல்லை தாண்டுகிறது. ஒவ்வொரு தடவையும் 6 மணி நேரம் நிற்கிறது. மொத்தம் 72 மணி நேரம். அதாவது 3 முழு நாட்கள்.

3 நாளைக்கு ரூ.10,800. ஒரு வருஷத்துக்கு ரூ.1,29,600!

வருஷத்தில் 36 நாள் லாரி சும்மா நிற்கிறது. 36 நாளும் டிரைவர் வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. சாலை ஓரத்தில் கிடக்கிறார்.

இந்தப் பணத்தை யார் கொடுப்பது? லாரி முதலாளி வாடகையில் ஏற்றுவார். வியாபாரி விலையில் ஏற்றுவார். வாங்குகிறவர் வேறு யார் மேலும் ஏற்ற முடியாது!

2017 ஜூலை 1

நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி வரி என்ற திட்டத்துக்காக, 2016-ம் ஆண்டில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அது 101-வது திருத்தம். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சரக்கு, சேவை வரி அமலுக்கு வந்தது. ஜி.எஸ்.டி. என்று மக்கள் சொல்லும் வரி இதுதான்.

அடுத்த சில நாட்களிலேயே 22 மாநிலங்கள் வணிக வரிச் சோதனைச் சாவடிகளை நீக்கி விட்டதாக மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாடும் கேரளமும் அந்தப் பட்டியலில் இருந்தன.

சாவடி இல்லாமல் வரி எப்படி வரும்?

இதையும் ஓர் உதாரணத்தால் தெரிந்து கொள்ளலாம். குமரி மாவட்ட வியாபாரி ஒருவர் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு ரப்பர் ஷீட் விற்கிறார். வரி 5 சதவீதம். அதாவது 5 ஆயிரம் ரூபாய். வெளி மாநில விற்பனை என்பதால், இந்த வரி முதலில் மத்திய அரசின் கணக்குக்குப் போகிறது. கேரளத்துக்குச் சேர வேண்டிய பங்கை மத்திய அரசு கேரளத்துக்குக் கொடுத்து விடுகிறது.

வாங்கிய கம்பெனி அந்த ரப்பரில் சாமான் செய்து விற்கும்போது வரி கட்ட வேண்டும். அப்போது, ஏற்கனவே கொடுத்த 5 ஆயிரம் ரூபாயைக் கழித்துக் கொள்ளலாம். ஆனால், விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டி இருந்தால்தான் கழிக்க முடியும். ஆகவே வாங்குகிறவரே, விற்றவரைப் பார்த்து, “பில்லைக் கணக்கில் ஏற்றி விட்டீரா?” என்று கேட்பார்.

இப்படி ஒருவர் கணக்கை இன்னொருவர் காவல் காக்கிறார். சி படிவமும் தேவை இல்லாமல் போயிற்று.

12 இலக்க எண்

என்றாலும், பில்லே போடாமல் சரக்கு ஏற்றினால் என்ன செய்வது? அதற்காக வந்ததுதான் ‘இ-வே பில்’. கம்ப்யூட்டர் வழியாகப் பெறும் வழிச்சீட்டு.

ரூ.50 ஆயிரத்துக்கு மேல் மதிப்புள்ள, வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு ஏற்றினால், இந்தச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்கு உள்ளேயே போகும் சரக்கு என்றால், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் வேண்டும்.

சீட்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில், அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், என்ன சரக்கு, எவ்வளவு மதிப்பு, பில் எண் என்ன என்று எழுத வேண்டும். இரண்டாவது பகுதியில் லாரி எண் எழுத வேண்டும். உடனே 12 இலக்கத்தில் ஓர் எண் வரும்.

இதற்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்பது இல்லை. பதிவு செய்த செல்போனில் இருந்து குறுஞ்செய்தி அனுப்பியும் பெறலாம்.

வழியில் அதிகாரி நிறுத்தினால், அந்த எண்ணைத் தன் செல்போனில் தட்டிப் பார்ப்பார். எல்லா விவரமும் அதிலே தெரியும். லாரியில் இருப்பது அதுதானா என்று பார்த்து அனுப்பி விடுவார்.

சீட்டுக்கு ஆயுள் உண்டு. முதலில் 100 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது. 2021-ம் ஆண்டு ஜனவரி முதல் 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள் போதும். சென்னைக்கு 4 நாள் கிடைக்கும்.

வழியில் லாரி பழுதானால்? வேறு லாரியில் சரக்கை மாற்றி, புது லாரியின் எண்ணை அதே சீட்டில் சேர்க்கலாம். ஆயுள் முடியப் போகிறதா? முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ, முடிந்த 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். சரக்குப் போகவே இல்லையா? 24 மணி நேரத்துக்குள் சீட்டை ரத்து செய்யலாம்.

பூவுக்கும் மீனுக்கும் வேண்டாம்

தோவாளைப் பிச்சிப் பூவுக்கு இந்தச் சீட்டு வேண்டுமா? வேண்டியது இல்லை.

புதுப் பூ, வாழைக்குலை, காய்கறி, தேங்காய், பிடித்த மேனிக்கு ஐசில் வைத்து அனுப்பும் மீன் ஆகியவற்றுக்கு வரி இல்லை. வரி இல்லாத சரக்குக்கு வழிச்சீட்டும் இல்லை. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை.

ஆனாலும், இவர்களுக்கும் லாபம் உண்டு. முன்பு ரப்பர் லாரிக்குப் பின்னால் பூ வண்டியும் அதே சாலையில் நெரிசலில் சிக்கியது. ரப்பர் ஒரு நாள் தாமதித்தாலும் ரப்பர்தான். பூ தாமதித்தால் குப்பை. மீன் தாமதித்தால் நாற்றம்!

முதல் நாளே படுத்தது

இந்தத் திட்டம் ஒரே நாளில் வெற்றி பெற்று விடவில்லை.

2018-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி இ-வே பில் தொடங்கியது. நாடு முழுவதிலும் இருந்து வியாபாரிகள் ஒரே நேரத்தில் அந்த இணையதளத்துக்குள் நுழைந்தார்கள். பாரம் தாங்கவில்லை. முதல் நாளே படுத்து விட்டது!

அரசாங்கம் திட்டத்தைத் தள்ளி வைத்தது. தேசியத் தகவலியல் மையம் தளத்தைச் சரி செய்தது. ஏப்ரல் 1-ந் தேதி வெளி மாநிலச் சரக்குக்கு மட்டும் மறுபடி தொடங்கினார்கள். மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குப் பல கட்டங்களாகக் கொண்டு வந்தார்கள். கேரளத்தில் ஏப்ரல் 15-ந் தேதி வந்தது. தமிழ்நாட்டில் ஜூன் 2-ந் தேதி வந்தது.

பெரிய மாற்றத்தைச் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம். கடையில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைக்கிறவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். பழைய நோட்டை முதல் நாளே தூக்கிப் போடக்கூடாது. கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதி, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே தடவை எழுது

கம்ப்யூட்டர் வந்ததால் காகிதம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். முழு உண்மை வேறு.

பழைய முறையில் ஒரே சரக்கின் விவரத்தை எத்தனை பேர் எழுதினார்கள்?

கடைக் கணக்கப்பிள்ளை பில்லில் எழுதினார். பிறகு பேரேட்டில் எழுதினார். லாரி ஆபீசில் ஒருவர் எழுதினார். சாவடியில் ஒருவர் எழுதினார். வாங்கிய கடையில் இன்னொருவர் எழுதினார். மாதக் கடைசியில் வரிக் கணக்குக்காக இரண்டு ஊரிலும் மறுபடி எழுதினார்கள்.

ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ஒரு தப்பு நுழையலாம். 16 மூட்டை, 61 மூட்டை ஆகலாம். அப்புறம் எது சரி என்று சண்டை!

புது முறையில், சரக்கைக் கண்ணால் பார்த்து ஏற்றுகிறவர் ஒரே தடவை எழுதுகிறார். மற்றவர்கள் எல்லாரும் அதையே படித்துக் கொள்கிறார்கள். மிச்சம் வருவது இங்கேதான்.

பெரிய வியாபாரிகளுக்கு இது இன்னும் ஒரு படி மேலே போய் விட்டது. 2020-ம் ஆண்டு அக்டோபரில் ‘இ-இன்வாய்ஸ்’ வந்தது. பில் விவரத்தை அரசாங்கத் தளத்துக்கு அனுப்பினால், அது ஓர் எண்ணும் சதுரக் குறியீடும் போட்டுத் திருப்பி அனுப்பும். அதில் இருந்தே இ-வே பில் எடுக்கலாம். மாதக் கணக்கிலும் அந்த பில் தானாகவே ஏறி விடும். முதலில் வருஷத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு மட்டும் இது கட்டாயமாக இருந்தது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் செய்கிறவர்களுக்கும் கட்டாயம் ஆயிற்று.

சிறு வியாபாரிக்கும் பாரம் குறைந்திருக்கிறது. 5 கோடி ரூபாய் வரை வியாபாரம் உள்ளவர்கள், 2021-ம் ஆண்டு ஜனவரி முதல் 3 மாதத்துக்கு ஒரு தடவை கணக்குக் கொடுக்கலாம். வரி மட்டும் மாதம்தோறும் கட்ட வேண்டும். வியாபாரமே நடக்கவில்லை என்றால், ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே போதும்.

நாஞ்சில் நாட்டுக்குக் கணக்கு புதிது இல்லை. நிலம், நெல், வரி, வழக்கு எல்லாவற்றையும் ஓலையில் எழுதி வைத்த நாடு இது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் பெயர் பெற்றவை. எழுத்தாணி போய்ப் பேனா வந்தது. பேனா போய் செல்போன் வந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதை

லாரி காத்துக் கிடப்பது இந்தியாவில் மட்டும் நடந்தது அல்ல.

ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு எல்லை. எல்லைக்கு எல்லை சுங்க அலுவலகம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் படிவம். லாரி டிரைவர்கள் படிவக் கட்டுகளோடு அலைந்தார்கள்.

1988-ம் ஆண்டில் ஐரோப்பியச் சமூக நாடுகள், எல்லாருக்கும் பொதுவான ஒரே படிவத்தைக் கொண்டு வந்தன. 1993-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, தங்களுக்குள் இருந்த சுங்கச் சோதனையையே நீக்கி விட்டன. முதலில் படிவத்தை ஒன்றாக்கினார்கள். பிறகு கதவைத் திறந்தார்கள்.

இந்தியாவிலும் அதே வரிசைதான். முதலில் வரி ஒன்றாயிற்று. பிறகு சாவடி போயிற்று.

சின்ன வியாபாரியின் கஷ்டம்

எல்லாம் நன்மைதானா? இல்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்கும் வியாபாரிக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஆனால், வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பி விற்றால், ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும்!

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒருவர் தேனைப் பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி விற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் சென்னைக்கு அனுப்பினால் பதிவு இல்லாமல் இருக்கலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாறசாலைக் கடைக்கு அனுப்பினால், பதிவு செய்தே தீர வேண்டும். சிறு வியாபாரிகளுக்கு ‘காம்போசிஷன்’ என்று ஒரு சலுகைத் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தவர்களும் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது.

நடு மாவட்டங்களில் இருக்கும் வியாபாரிக்கு இது பெரிய விஷயம் அல்ல. எல்லை ஓரத்தில் இருக்கும் குமரி வியாபாரிக்கு, சந்தையில் பாதி இதில் அடங்கி விடுகிறது. லாரியை மறித்த கதவு போய் விட்டது. சிறு வியாபாரியை மறிக்கும் கதவு இன்னும் இருக்கிறது.

தப்பு எழுதினால்?

சாவடி போனாலும் பறக்கும் படை உண்டு. வழியில் எங்கேயும் லாரியை நிறுத்தலாம்.

வழிச்சீட்டே இல்லாமல் வரி உள்ள சரக்குப் போனால், லாரியைப் பிடித்து வைக்கலாம். சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால், வரியைப் போல 2 மடங்கு அபராதம். 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் இதுதான் விதி. ஒரு லட்சம் ரூபாய் ரப்பருக்கு வரி 5 ஆயிரம் என்றால், அபராதம் 10 ஆயிரம் ரூபாய்.

ஆனால், கைதவறிச் செய்யும் சிறு பிழைக்கு இப்படித் தண்டிக்கக்கூடாது. பெயரில் எழுத்துப்பிழை, லாரி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறுதல் போன்றவற்றுக்கு மொத்தம் ஆயிரம் ரூபாய் அபராதம் போதும் என்று, 2018-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி மத்திய வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. இது தெரியாமல் பயப்படுகிற டிரைவர்கள் பலர். தெரிந்து கொண்டால் வழியில் பேசலாம்.

வேறு சோதனைகளும் நீங்கி விடவில்லை. போலீஸ் சோதனை இருக்கிறது. கால்நடை நோய் பரவும் காலங்களில் அந்தச் சோதனையும் உண்டு. 2018-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், ‘பார்மலின்’ என்ற ரசாயனம் கலந்த மீனைக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைச் சாவடிகளில் பிடித்தது. அமரவிளையும் அவற்றில் ஒன்று. உயிருக்குக் காவலாக இருக்கும் சோதனை வேண்டியதுதான். காகிதத்துக்கு முத்திரை போட மட்டும் லாரியை நிறுத்துவதுதான் வீண்.

ஏமாறக்கூடாது

செல்போனில் வியாபாரம் நடக்கும்போது, திருடனும் செல்போன் வழியாகத்தான் வருவான்.

ஏழைகளின் ஆதார், பான் அட்டை நகல்களை வாங்கி, அவர்கள் பெயரில் போலிக் கம்பெனி தொடங்கிய மோசடிகள் பல மாநிலங்களில் வெளிவந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. கூலி வேலை செய்கிறவருக்கு, கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீசு வரும். அப்போதுதான் அவருக்கு விஷயமே தெரியும். போலிப் பதிவுகளைக் கண்டுபிடிக்க, 2023-ம் ஆண்டு மே 16-ந் தேதி முதல் 2 மாதம் நாடு முழுவதும் சோதனை நடந்தது.

ஆகவே, குடும்பத்தில் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டியவை:

கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் ஆதார், பான் நகலைக் கொடுக்காதீர்கள்.

செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஆடிட்டரோ, கம்ப்யூட்டர் கடைக்காரரோ கணக்கு எழுதித் தரலாம். ஆனால் பதிவில் இருக்கும் செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி. எண்ணைப் படிக்கக் கற்றுக் கொள்ளுங்கள். மொத்தம் 15 எழுத்துகள். முதல் 2 இலக்கம் மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு. 32 என்றால் கேரளம். அடுத்த 10 எழுத்து, பதிவு செய்தவரின் பான் எண். ஒரு கடையின் எண் உண்மையா, பொய்யா என்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குக் காசு இல்லை.

யாருக்கு லாபம்?

சுங்கக் கட்டணச் சாவடியிலும் காத்திருப்பு குறைந்திருக்கிறது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ‘பாஸ்டேக்’ கட்டாயம் ஆயிற்று. கண்ணாடியில் ஒட்டிய சின்னஞ்சிறு அட்டைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவடியில் உள்ள கருவி ரேடியோ அலை அனுப்பும். அந்த அலையின் சக்தியாலேயே சில்லு தன் எண்ணைச் சொல்லி விடும். கணக்கில் இருந்து பணம் கழியும். சில்லறை தேட வேண்டியது இல்லை. நாகர்கோவிலில் இருந்து வடக்கே போகிறவர்கள் நாங்குநேரி சாவடியில் இதைப் பார்க்கலாம்.

இப்படி மிச்சமாகும் நேரம் யாருக்குப் போக வேண்டும்?

டிரைவருக்கு ஓர் இரவு வீட்டில் கிடைக்க வேண்டும். வியாபாரிக்குச் செலவு குறைய வேண்டும். வாங்குகிறவருக்கு விலையில் தெரிய வேண்டும். மூவருக்கும் போனால்தான் அது உண்மையான மிச்சம். மூட்டைக்கு முன்னால் ஓடும் சீட்டு, எல்லையைத் தாண்டி விட்டது. தேன் பாட்டிலோடு நிற்கும் சின்ன வியாபாரியும் தாண்ட வேண்டும். இன்னும் திறக்க வேண்டிய வாசல் அது ஒன்றுதான்.